நன்கொடை, மானியம், கட்டணம்: நாடகக் குழுவுக்கு வரும் பணத்துக்கு எந்தப் பெயர்?

தென் மாவட்டம் ஒன்றில், நூற்பாலைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் ஒரு வீதி நாடகக் குழுவை நடத்தும் பெண். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

குழுவில் ஒன்பது பேர். ஐவர் பெண்கள், அவர்களில் இருவர் ஆலையில் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள். பதினோரு வருடங்களாகக் குழந்தைத் திருமணம், குடி, சாதி, ஆலைப் பெண்களின் நிலை என்று தெருமுனையிலும் கோயில் திடலிலும் பள்ளி மைதானத்திலும் நாடகம் போடுகிறார்கள். எந்தப் பதிவும் இல்லை. வரவு செலவு எல்லாம் இவருடைய சேமிப்புக் கணக்கில்தான். இப்போது மாவட்டத்தில் இயங்கும் ஒரு பெரிய தொண்டு நிறுவனம், நாற்பது நிகழ்ச்சிகளுக்கு 4 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, 'துணை மானிய ஒப்பந்தம்' என்ற தலைப்பில் ஒரு வரைவைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிலிருந்து அவர்களுக்கு வருவது. பிரதியை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், நாடகத்தின் உரிமை நிறுவனத்துக்கே என்கிறது ஏழாம் ஷரத்து. தொகை எழுதாத சில வவுச்சர்களிலும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் நான்கு. கையெழுத்துப் போடலாமா? 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் உள்ள பழைய டிரஸ்ட் ஒன்று 'விலைக்கு' வருகிறது, வாங்கிவிடலாமா? கனடாவில் இருக்கும் அத்தை மகன் வருடம் 2 லட்சம் அனுப்பத் தயார், சொந்தக் கணக்கில் வாங்கினால் தப்பில்லையே? கடைசியாக, "நிதி வாங்கினால் நாம் நாமாக இருக்க மாட்டோம் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு உங்கள் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். முதலில் அதைத்தான் படித்தேன். டெம்போ 2,200. மைக் செட் 1,500. சாப்பாடு 1,080. நோட்டீஸ் 400. கூட்டினால் 5,180. அதற்குக் கீழே, பார்த்தவர்களிடம் துண்டேந்தி வாங்கியது, 'துண்டு வசூல் 1,340' என்று இருக்கிறது. அதற்கும் கீழே வேறொருவர் கையெழுத்தில் 'மீதி: அக்கா வளையல்' என்று எழுதியிருக்கிறது. அந்த அக்கா நீங்கள்தான் என்று நினைக்கிறேன். வளையலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வழக்கறிஞராவதற்கு முன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் கலைக்குழுவில் இரண்டு வருடம் ஊர் ஊராகப் போனவன். பறையைக் காய்ச்ச வைக்கோல் எரியும் வாசனை இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விகளை வெறும் சட்டக் கேள்விகளாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்களை உடனடியாகச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

ஒரே பணம், மூன்று பெயர்

குழுவுக்கு வரும் பணம் மூன்று வகை. உங்கள் வேலை நல்லது என்று நம்பி ஒருவர் கொடுத்துவிட்டுப் போவது நன்கொடை. ஒரு திட்டத்துக்கு என்று ஒதுக்கி, கணக்குக் கேட்டுத் தவணையாகத் தருவது மானியம். இத்தனை நிகழ்ச்சி போட்டால் இவ்வளவு என்று பேசித் தருவது கட்டணம். கைக்கு வரும்போது மூன்றும் ஒரே மாதிரி ரூபாய்தான். சட்டத்தின் முன் மூன்றும் வெவ்வேறு. எந்தப் பெயரில் வாங்குகிறீர்களோ அந்தப் பெயருக்கான விதிகள் உங்கள் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் விஷயத்தில் இது முக்கியம். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருபவை. எஃப்சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முன்பெல்லாம் பெரிய நிறுவனம் வாங்கி, அதிலிருந்து சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. வாங்கிய வெளிநாட்டுப் பங்களிப்பை வேறு எந்த அமைப்புக்கும் நபருக்கும் மாற்றித் தரக் கூடாது. எதிரே இருப்பவரிடம் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூடாது. ஆக, 'துணை மானியம்' என்ற தலைப்போடு உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள், தலைப்பிலேயே சட்டத்தை மீறுகிறது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்களுக்கு மட்டும்தான் சிக்கல் என்றும் நினைக்காதீர்கள். இந்தச் சட்டத்தை மீறினால் அபராதத்தோடு போகாது, சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

அதற்காக அந்த 4 லட்சம் கைவிட்டுப் போயிற்று என்று பொருளில்லை. ஒருவர் தன் வழக்கமான தொழிலில் செய்து கொடுக்கும் சேவைக்காகப் பெறும் கட்டணத்தை அதே சட்டம் வெளிநாட்டுப் பங்களிப்பு என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாடகம் போடுவது நீங்கள் பதினோரு வருடமாகச் செய்துவரும் வேலை. நிறுவனம் தன் விழிப்புணர்வுத் திட்டத்துக்காக உங்களை அமர்த்தி, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி, நீங்கள் பில் கொடுத்து, அவர்கள் வரி பிடித்தம் போக வங்கி வழியாகத் தந்தால் அது கட்டணம். மைக் செட்காரருக்கும் டெம்போகாரருக்கும் அவர்கள் கொடுப்பது போலத்தான் இதுவும். 'நிகழ்ச்சி ஒப்பந்தம்' என்று புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரை மட்டும் மாற்றி உள்ளே மானியத்தின் நிபந்தனைகளை அப்படியே வைத்தால் பயனில்லை. தேதி, இடம், நிகழ்ச்சிக்கான தொகை எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். அவர்களுடைய ஆடிட்டர் இதைப் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். நேர்மையான நிறுவனம் என்றால் இதற்குத் தயங்காது.

தொகை எழுதாத வவுச்சர் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. கையெழுத்துப் போடக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால், எந்தத் தேதியில் எத்தனை தாளில் போட்டீர்கள், இதுவரை எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை எழுதி இன்றைக்கே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் போதுமா?

நீங்கள் கேட்காத கேள்வி இது. நாற்பது நிகழ்ச்சிக்கு 4 லட்சம் என்றால் ஒன்றுக்கு 10,000. நோட்டின்படி செலவு 5,180. அப்படியானால் நல்ல லாபம் என்று குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு நாடகத்துக்குப் பதினெட்டு நாள் ஒத்திகை பார்ப்போம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பேர், பதினெட்டு நாள். நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் வைத்தாலும் 97,200. நாற்பது நிகழ்ச்சிக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 2,430. நிகழ்ச்சி நாளுக்கான சம்பளம் ஒன்பது பேருக்கு 5,400. மூன்றையும் கூட்டுங்கள். 13,010 வருகிறது. நாற்பதுக்கும் சேர்த்தால் உண்மைச் செலவு 5,20,400. நிறுவனம் தருவது 4 லட்சம். மீதி 1,20,400 ரூபாயை யார் போடுகிறார்கள்? ஆட்டோவை நிறுத்திவிட்டு வருபவரும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர்களும், வளையலை அடகு வைப்பவரும்.

சமூகத்துக்காகச் செய்கிறோம், சம்பளம் எதற்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இலவச உழைப்பு கொடுப்பதென்று நீங்கள் தீர்மானித்தால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதைத் தாளில் எழுதுங்கள். 'குழுவின் பங்களிப்பு: 1,20,400' என்று பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கட்டும். இதனால் இரண்டு பயன். நிறுவனத்திடம் 13,000 கேட்க உங்களுக்குத் தைரியம் வரும். நாளைக்கு மத்திய அரசின் மானியத்துக்கு எழுதும்போதும் உதவும். கலாசார அமைச்சகத்தின் நிகழ்ச்சி, தயாரிப்பு மானியம் வழக்கமாக 5 லட்சம் வரை போகும். முழுச் செலவையும் அது தருவதில்லை, நீங்களும் ஒரு பங்கு போட்டாக வேண்டும். அந்தப் பங்கைக் காட்டும் பழக்கம் இப்போதே வரட்டும்.

டிரஸ்ட் விற்பனைக்கு இல்லை

பழைய டிரஸ்ட்டை 60,000 ரூபாய்க்கு 'வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வியாபாரம் ஊருக்கு ஊர் நடக்கிறது. பொது அறக்கட்டளையை விற்கவோ வாங்கவோ முடியாது. அதன் சொத்து அறங்காவலர்களுடையது அல்ல. நடப்பது என்னவென்றால், பழைய அறங்காவலர்கள் விலகியதாகவும் உங்களை நியமித்ததாகவும் ஒரு பத்திரம் எழுதுவார்கள். அதோடு அந்த டிரஸ்ட்டின் பழைய கடன், தாக்கல் செய்யாத கணக்கு, யாருக்கோ கொடுத்த போலி ரசீது எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். அதன் நோக்கப் பிரிவில் முதியோர் இல்லம் என்றோ கோசாலை என்றோ இருக்கும், நாடகம் இருக்காது. இன்னொன்று, 2021க்குப் பிறகு பழைய 12ஏ பதிவுகள் எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும் என்று விதி வந்தது. புதுப்பிக்காத பழைய சான்றிதழைக் காட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு.

அவசரம் எதனால் என்று எனக்குப் புரிகிறது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்துக்கு மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள், அந்தக் காத்திருப்பைத் தாண்டத்தான் இந்தக் குறுக்கு வழி. நீங்கள் பதினோரு வருடம் வேலை செய்திருந்தாலும் பதிவு செய்த அமைப்புக்குத்தான் அந்த மூன்று வருடம் பார்ப்பார்கள். நியாயமில்லை என்று தோன்றும், ஆனால் விதி அப்படி. அதனால் இன்றைக்கே உங்கள் குழுவுக்கென்று சொந்தமாக ஓர் அமைப்பைத் தொடங்குங்கள்.

எந்த வடிவம்? டிரஸ்ட், சங்கம், கம்பெனிகள் சட்டத்தின் எட்டாம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற கம்பெனி என்று மூன்று உண்டு. கம்பெனி வடிவத்துக்கு வருடா வருடம் தாக்கல் செலவு அதிகம், உங்கள் அளவுக்கு வேண்டாம். டிரஸ்ட் சுலபம். இரண்டு பேர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் முடிந்துவிடும். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயம். பல வருடங்களுக்கு முன் ஒரு நாடகக் குழுவுக்கு நானே டிரஸ்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். நிறுவனர், அவர் மனைவி, தம்பி ஆகிய மூவர்தான் அறங்காவலர்கள். "நம்பிக்கைதானே சார், மற்றவர்கள் பெயர் எதற்கு" என்றார்கள். நானும் எழுதிவிட்டேன். ஆறு வருடம் கழித்து முதல் பெரிய மானியம் வந்தது. நடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். கேட்பதற்கு அவர்களுக்குச் சட்டப்படி எந்த இடமும் இல்லை. அந்தப் பத்திரத்தை நான் வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை சங்கம்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஒன்பது பேர். எல்லோரும் உறுப்பினர், எல்லோருக்கும் ஓட்டு, வருடம் ஒரு பொதுக்குழு, கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் வருடாந்திரத் தாக்கல் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுப் பின்னால் தவிக்கும் சங்கங்கள் ஏராளம், உங்களில் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக்குங்கள்.

12ஏ, 80ஜி பற்றி ஒரு சொல். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் ஆடிட்டர்கள் பேச்சில் இந்தப் பெயர்கள்தான் இருக்கும். இவை வாங்கினால்தான் சிஎஸ்ஆர் பக்கம் போக முடியும். அதே சமயம், பொதுநலன் என்ற பொதுவான நோக்கத்தில் பதிவான அமைப்பின் வரவில் 20 விழுக்காட்டுக்கு மேல் கட்டணமாக வந்தால் அந்த வருடத்து வரிவிலக்குக்கே ஆபத்து வரலாம். உங்கள் வரவில் பெரும்பகுதி இப்போதைக்குக் கட்டணமாகத்தான் இருக்கப்போகிறது. அதனால் முதல் வருடம் சங்கப் பதிவு, பான் எண், வங்கிக் கணக்கு, ஒழுங்கான தணிக்கை, இவை போதும். நன்கொடையும் மானியமும் வரத் தொடங்கும்போது ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். சிஎஸ்ஆருக்கு எழுதும் காலம் வந்தால், கலை என்ற தலைப்பில் எழுதாதீர்கள். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை என்றால் பாரம்பரியம், மரபுக் கலை, பழைய கட்டடங்கள் பக்கம்தான் சாய்கிறது. பெண்களுக்குச் சம உரிமை, கல்வி என்ற தலைப்புகளில் உங்கள் குழந்தைத் திருமண நாடகம் இயல்பாகப் பொருந்தும்.

அத்தை மகன் பணம்

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தாலே வெளிநாட்டுப் பணம் என்று சிலரும், நம்மவர் அனுப்பினால் நம் பணம் என்று சிலரும் நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு. அனுப்புபவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு அல்ல. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். "உறவினர்தானே, சொந்தக் கணக்கில் வாங்குகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினரிடமிருந்து பெறுவதற்கு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் முறையில் அத்தை மகன் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அந்தச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் அவர் இல்லை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. அத்தை, மாமா மக்கள் அதில் வருவதில்லை.

எனவே முதலில் அவருடைய பாஸ்போர்ட் நகலைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சங்கத்தின் கணக்கில் நன்கொடையாக வாங்கி, நகலை ரசீதோடு கோத்து வையுங்கள். கனடாப் பாஸ்போர்ட் என்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாமே எஃப்சிஆர்ஏ பதிவு எடுத்துவிடலாமே என்றால், மூன்று வருடம் இயங்கி, அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். அதோடு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. 2 லட்சத்துக்காக இவ்வளவு பெரிய சுமையைத் தூக்க வேண்டாம்.

சொந்தக் கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சேமிப்புக் கணக்கில் வரும் எல்லாம் உங்கள் வருமானமாகவே கண்ணில் படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல். பதிவு வரும்வரை கூட, ஒன்பது பேரும் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு, குழுவின் பெயரில் பான் எடுத்து, இருவர் கையெழுத்தில் இயங்கும் கணக்கு தொடங்கலாம். பதிவில்லாத குழுவுக்கும் இது முடியும்.

ஏழாம் ஷரத்து

உங்கள் ஆலை நாடகத்தின் கடைசிக் காட்சியை நீங்கள் எழுதியிருந்த விதம் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று வருடம் முடிந்து, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொன்ன தொகையைக் கேட்கிறாள் அந்தப் பெண். மேஸ்திரி ஒரு டிபன் கேரியரைக் கொடுக்கிறார். அவள் ஒவ்வொரு அடுக்காகத் திறக்கிறாள். எல்லா அடுக்கிலும் பஞ்சு. பிறகு சுற்றி நிற்கும் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சங்கம் என்ற சொல்லைச் சொல்கிறார்கள். அந்த உட்காரும் காட்சியைத்தான் நிறுவனம் நீக்கச் சொல்கிறது.

நிறுவனத்தின் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசியல் தன்மையுள்ள அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பதிவு போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். ஆனால் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. கட்சி அரசியல் நோக்கமில்லாமல் பொதுப் பிரச்சினைக்காகப் போராட்டத்தை ஆதரிப்பதால் மட்டும் ஓர் அமைப்பு அரசியல் அமைப்பாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சங்கம் சேர்வது அரசியலமைப்புச் சட்டம் தந்திருக்கும் உரிமை. அதை மேடையில் சொல்வது குற்றமல்ல. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கேட்கவில்லை என்றால்? எந்த நாடகத்துக்குப் பணம் தருவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வேறு இடங்களில் நீங்கள் எதைப் போட வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் என் யோசனை, அந்தக் காட்சியை வெட்டாதீர்கள், அந்த நாடகத்தையே இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே வையுங்கள். நாற்பது நிகழ்ச்சிக்கும் குழந்தைத் திருமண நாடகத்தைக் கொடுங்கள். ஆலை நாடகத்தை உங்கள் துண்டு வசூலில் போடுங்கள். பாதி நாடகம் போட்டுப் பழகினால் நடிகர்களின் உடம்பு அந்த வெட்டிய வடிவத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

உரிமை நிறுவனத்துக்கே என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி நாடகப் பிரதியின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். பணம் கொடுத்துப் போடச் சொன்னதால் மட்டும் உரிமை கைமாறாது. எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் மாறும். ஏழாம் ஷரத்து அந்தக் கையெழுத்தைத்தான் கேட்கிறது. அவர்கள் பதிவுக்காக ஒளிப்பதிவு செய்துகொள்ளட்டும், அறிக்கையில் படம் போடட்டும். அதற்கு அனுமதி கொடுத்தால் போதும். உங்கள் நாடகங்களை ஒன்பது பேரும் சேர்ந்து ஒத்திகையில் உருவாக்கியதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அதையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வெளியாரோடு வரும் தகராறைவிட இந்த உள்தகராறுதான் குழுக்களை அதிகம் உடைத்திருக்கிறது.

காவல் நிலையத்திலும் பிரதி கேட்டார்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஒலிபெருக்கிக்கும் இடத்துக்கும் அனுமதி வாங்குங்கள், இரவு பத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நிதி வாங்கினால்...

அந்த இரண்டு பேர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் கல்கத்தாவில் டிக்கெட் வைத்த அரங்கை விட்டு வெளியே வந்து, பார்ப்பவர் விரும்பிக் கொடுப்பதில் நாடகம் போட்டார். டெல்லியின் தெரு நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்ச் இன்றும் நாடகம் முடிந்ததும் துணியை ஏந்துகிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஃப்தர் ஹாஷ்மி 1989 புத்தாண்டு நாளில் தெரு நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த சில நாட்களில் அதே இடத்தில் அந்தக் குழு அதே நாடகத்தைப் போட்டு முடித்தது. எந்த மானியத் திட்டத்திலும் அதற்குப் பத்தி கிடையாது.

அதே சமயம், பதினோரு வருடமாக வளையலில் ஓடும் குழு இன்னும் எத்தனை வருடம் ஓடும்? ஆலை வேலையை விட்டு வந்த அந்த இரண்டு பெண்களுக்கும் நாடகத்தால் ஒரு நாள் கூலியாவது வர வேண்டாமா? நான் பார்த்த அளவில், பணம் வாங்கியதால் கெட்ட குழுக்களைவிட, ஒரே இடத்திலிருந்து எல்லாப் பணத்தையும் வாங்கியதால் கெட்ட குழுக்களே அதிகம். அந்த ஒரு கை மூடியதும் குழு நின்றுபோகும், அல்லது மூடிவிடுமே என்று வாயை மூடிக்கொள்ளும். உங்கள் வருட வரவில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது என்று சங்க விதிகளிலேயே எழுதிவிடுங்கள். அந்த இருவரையே அதை எழுதச் சொல்லுங்கள்.

மற்ற வாசல்களும் இருக்கின்றன. பதிவே இல்லாமல் தனிநபராக விண்ணப்பிக்கக்கூடியவை இரண்டு. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் 1995 முதல் கலைஞர்களுக்கு நேரடியாக நிதி தருகிறது, தமிழிலேயே எழுதி அனுப்பலாம். மத்திய கலாசார அமைச்சகத்தின் இளநிலை, முதுநிலை ஆய்வு நல்கைகள் இரண்டு வருடத்துக்கு வருபவை. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளநிலை. அப்புறம், உங்கள் குழுவில் பறையும் தவிலும் வாசிப்பவர்களைத் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்த்துவிட்டீர்களா? பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று கேட்கிறேன்.

துண்டு வசூலை எந்தக் காலத்திலும் நிறுத்தாதீர்கள். நிகழ்ச்சி முடிந்தவுடன் அங்கேயே எண்ணி, ஊர், தேதி, தொகை எழுதி, குழுவில் ஒருவரும் அந்த ஊர்க்காரர் ஒருவரும் கையெழுத்திடுங்கள். நாளைக்கு 12ஏ வாங்கினாலும் பெயர் தெரியாதவர்கள் கொடுக்கும் நன்கொடையில் வருடம் 1 லட்சம் வரை தனி வரி கிடையாது. நிகழ்ச்சிக்கு 1,340 என்றால் நாற்பது நிகழ்ச்சிக்கும் அரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

வளையலுக்கு வருகிறேன். அது குழு உங்களிடம் பட்ட கடன். எந்தத் தேதியில், எவ்வளவுக்கு வைத்தீர்கள், வட்டி எவ்வளவு ஆயிற்று என்று அடகுச் சீட்டைப் பார்த்து எழுதி, ஒன்பது பேர் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். சங்கம் பதிவான பின் பழைய கடனை அதன் கணக்கிலிருந்து தீர்ப்பது சிக்கல், கேள்வி வரும். அதனால் பதிவுக்கு முன்பே, நிகழ்ச்சி ஒப்பந்தத்தில் வரும் முதல் கட்டணத்திலிருந்து மீட்டுவிடுங்கள். நோட்டில் அந்த வரிக்கு நேரே தேதி போட்டு, 'மீட்டது' என்று எழுதி, நீங்களும் கையெழுத்திடுங்கள்.